காப்புக் கட்டியவருக்குக் கொடுத்த கேப்சூல்

அன்று காலை பல் சிகிச்சை அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நாற்காலியில் சாய்ந்திருந்த மணியம் அண்ணன், எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த மலாய்க்கார உதவியாளர் காக் ரோஸ் (காக் என்றால் அக்கா), வெள்ளைக் கோட்டில் நான். இல்லாதவர் எங்கள் பெரிய டாக்டர். ஈப்போவில் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். வெள்ளைக் கோட்டுக்குள் இருந்தவனின் புத்தியையும் வராதவர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிளினிக்குக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளே, அனுபவம் எழுத வேண்டியவர்கள் ஓய்வு பெற்றவர்கள் என்பது எனக்கும் தெரியும். எனக்கு இன்னும் முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் ஈப்போவுக்கு மாற்றல் வந்துவிட்டது. பெரிய டாக்டர் கூப்பிட்டு, "போறதுக்கு முன்னால புதுசா வர்றவங்களுக்கு ஏதாச்சும் எழுதி வெச்சிட்டுப் போ. நீ நல்லா செஞ்சத எழுதாத, அது அரைப் பக்கத்துக்குக்கூட வராது" என்றார். அதனால் இது முழுக்க மற்றதைப் பற்றி.

பல் பிடுங்குவது எப்படி, அடைப்பது எப்படி என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் நாற்காலியில் ஆள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

முதலில் என் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பாகான் டத்தோ பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அம்மா உதிரிப்பழம் பொறுக்கினார், அப்பா குலை வெட்டினார். இப்படிப்பட்ட வீட்டிலிருந்து படித்து வந்தவனுக்குப் பல்கலைக்கழகம் பட்டத்தோடு இன்னொன்றையும் தரும்: விளக்கம் சொல்லும் வியாதி. யார் எதைக் கேட்டாலும் விளக்குவேன். யாரும் கேட்காவிட்டாலும் விளக்குவேன். விளக்குவதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் பல் செட்டை என் பையிலேயே வைத்திருப்பேன்.

அன்று மணியம் அண்ணனுக்கு முன்னால் வந்தவர், டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய். ஈறு வீங்கியிருந்தது. சுத்தம் செய்து மருந்தும் எழுதினேன். பாய் சீட்டைப் பார்த்தார்.

"டாக்டர், இது கேப்சூல்லா. மேல உள்ள கூடு எதுல செஞ்சது? பன்னி கின்னி இல்லயே?"

"கவலப்படாதீங்க பாய். ஹலால்தான். மாட்டுல இருந்து எடுக்கறது."

"அல்ஹம்துலில்லா. தம்பி வெவரமான டாக்டரு. கடைக்கு வாங்க, நம்ம மீன் முட்டைய சாப்ட்டுப் பாக்கணும்."

வெவரமான டாக்டர் என்ற சொல் நெஞ்சுக்குள் இனித்துக்கொண்டிருக்கும்போதுதான் மணியம் அண்ணன் உள்ளே வந்தார்.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் குடியிருப்பு. ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டாலும், வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்து வீடுகளும் மாரியம்மன் கோயிலும் அப்படியே இருக்கும் தோட்டம். அண்ணன் மஞ்சள் சட்டை போட்டிருந்தார். மழிக்காத தாடி, கழுத்தில் மணிமாலை, காலில் செருப்பில்லை. வலது மணிக்கட்டில் மஞ்சள் துண்டு முடிந்த காப்புக் கயிறு. கண் தெரியாதவனுக்குக்கூட அந்த மஞ்சள் வாசனையிலேயே விஷயம் புரிந்திருக்கும்: இவர் திருவிழாவுக்கு விரதம் இருப்பவர்.

எனக்கும் புரிந்தது. தோட்டத்தில் பிறந்தவன்தானே? புரிந்ததை ஒரு ஓரமாக வைத்துவிட்டு அவர் வாயைத் திறக்கச் சொன்னேன்.

கீழே இடப்பக்கம், கடைசிக் கடைவாய்ப் பல். அதைச் சுற்றி ஈறு, தண்ணீரில் ஊறிய ரொட்டி போல் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினால் சீழ் வந்தது. பல் ஆடியது, பக்கத்துப் பல்லும் துணைக்கு ஆடியது.

"அண்ணே, பல்லு வெளக்கறீங்களா?"

"டெய்லி வெளக்கறேன் டாக்டர். உப்பு வெச்சி, வெரலால."

"பிரஷ் இல்லயா?"

"வெரதத்துல பிரஷ் ஆகாது. பன்னி முடியில செய்வான்னு எங்கப்பா சொல்லுவாரு. பேஸ்ட்டும் எதுல செய்யறானுங்களோ, யாருக்குத் தெரியும்?"

தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம், தோட்டத்துத் திருவிழாவுக்கு ஒரு மண்டலம். வருடத்தில் அவ்வளவு காலம் அவர் வாய்க்குள் போனது ஒரு விரல்தான். விரல் முன்பற்களைப் பளபளவென்று வைத்திருந்தது. கடைவாய்ப் பல்லின் நாக்குப் பக்கத்துக்கு விரல் போகவே போகாது. அழுக்கு அங்கேதான் படிகிறது, ஈறு அங்கேதான் முதலில் கெடுகிறது.

நான் பிளாஸ்டிக் பல் செட்டை எடுத்தேன். இப்போது பிரஷ் எல்லாம் நைலான் என்றேன். ஈறும் பல்லும் சேரும் ஓரத்தில் பிரஷைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்றேன். ஈறிலிருந்து ரத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது, மெதுவாக அங்கேதான் தேய்க்க வேண்டும் என்றேன். சொன்னதெல்லாம் சரி. அண்ணன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்ல முடியாத ஆள்தான் எனக்குப் பிடித்த மாணவர்.

"இந்தப் பல்ல எடுத்துரணும் அண்ணே."

"இப்ப வேணாம் டாக்டர்." படக்கென்று எழுந்து உட்கார்ந்தார். "அடுத்த வாரம் வாய் அலகு குத்தறேன். கன்னத்துல வேல் ஏறறப்ப சொட்டு ரத்தம் வரக் கூடாது. வந்தா வெரதம் சுத்தமில்லன்னு அர்த்தம். பல்லப் புடுங்கினா வாய்க்குள்ளயே ரத்தம் நிக்கும்லா."

"ஒரு வருசம் விட்டுட்டு அடுத்த வருசம் குத்தலாமே?"

"மவளுக்கு வேண்டிக்கிட்டது. மோட்டார்ல வேலைக்குப் போனப்ப கார் அடிச்சிருச்சி. காலு திரும்பாதுன்னு சொன்னாங்க. அவ நடந்தா தொடர்ந்து மூணு வருசம் அலகு குத்தறேன்னு மாரியம்மாகிட்ட சொன்னேன். இது மூணாவது."

இங்கேதான் நிறுத்தி யோசித்திருக்க வேண்டும். பல்லின் அடியில் சீழ் இருக்கும்போது மருந்து மட்டும் கொடுத்து அனுப்புவது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டு அடியில் வாளி வைப்பது போல. பல்லை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை என்றால், சீழையாவது கீறி வெளியேற்றியிருக்க வேண்டும். அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை என்றால், மறுநாளே வரச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். நான் வாளி வைத்தேன். அதையும் எந்த வாளி என்று பாருங்கள்.

"சரி அண்ணே, திருவிழா வரைக்கும் தாங்கறதுக்கு மருந்து தரேன். இது ஹலால்தான், தைரியமா சாப்பிடுங்க."

மாட்டிலிருந்து எடுப்பது என்று சற்று முன்புதான் என் வாயால் சொன்னேன். அதே வாய். விரதத்தில் இருக்கும் மனிதருக்கு அதையே ஒரு நற்சான்றிதழ் போல நீட்டினேன். மணியம் அண்ணன் தலையாட்டினார். ஹலால் என்று டாக்டர் ஏன் தம்மிடம் சொல்கிறார் என்று அவருக்குக் குழப்பமாக இருந்திருக்கும். படித்த பிள்ளை, ஏதாவது காரணம் இருக்கும் என்று நினைத்திருப்பார். நம் தோட்டத்து ஆட்கள் நம்மை நம்புவதில் இருக்கும் ஆபத்து அதுதான்.

மூன்று நாள் கழித்து, மதியச் சாப்பாடு முடிந்து திரும்பியபோது ஒரு பெண் காத்திருந்தாள். இருபது வயதிருக்கும், ஃபேக்டரி சட்டை. இடது காலைச் சற்று இழுத்து நடந்து வந்தாள்.

"மணியத்தோட மவ, ஷாமினி. எங்கப்பாவுக்கு மருந்து குடுத்தது நீங்கதானே?"

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைப் பணிவாக வைத்துக்கொண்டேன்.

"அந்த மருந்துக் கூடு மாட்டு எலும்புல, தோல்ல இருந்து செய்யறதாமே? போன்ல பாத்தேன். இதுல நீங்க ஹலால்னு வேற சொல்லிக் குடுத்தீங்களாம்."

என் முகத்தில் பணிவு தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் வியாதி விடவில்லை.

"அது வந்து, அதுல உள்ள அளவு ரொம்ப ரொம்பக் கொஞ்சம். எவ்ளோ பதப்படுத்தி…"

"வெஷத்தையும் இப்படித்தான் அளந்து குடுப்பீங்களா டாக்டர்?"

காக் ரோஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவர் மெதுவாக அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

"தெரிஞ்ச அன்னிக்கே அப்பா நிறுத்திட்டாரு. வெரதம் கெட்டுப்போச்சின்னு கோயில்லயே உக்காந்திருக்காரு, சோறு எறங்கல. முகம் இந்தப் பக்கம் இவ்ளோ பெருசு. வேற மருந்து எதையும் தொட மாட்டேங்கறாரு. அலகு மட்டும் குத்துவேங்கறாரு." தன் இடது காலைப் பார்த்தாள். "எனக்காகத்தான் டாக்டர் இதெல்லாம்."

பெரிய டாக்டருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீ இன்னும் அங்கயா நிக்கற?" என்று மட்டும் கேட்டார். பையை எடுத்துக்கொண்டு ஷாமினியின் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் என் காரை ஓட்டினேன்.

கோயில் மண்டபத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் மணியம் அண்ணன். குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தேன். தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. தொட்டால் கல். எச்சிலை விழுங்க முடியாமல் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார். பேச்சு வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுவது போல் வந்தது. நாக்கைப் பார்த்தேன். மேலே தூக்கி நின்றது.

இது எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரியும். பாடப் புத்தகத்தில் எல்லோரும் சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட பக்கம். பல்லின் சீழ் நாக்கின் அடிக்கு இறங்கி, தொண்டையை நோக்கிப் போகிறது. சில மணி நேரத்தில் மூச்சுப் பாதை அடைத்துக்கொள்ளலாம். உடனே ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

"அண்ணே, கெளம்புங்க. இப்பவே."

அவர் மணிக்கட்டைத் தூக்கிக் காப்பைக் காட்டினார். பேசியது பூசாரி.

"காப்புக் கட்டினவன் எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாது தம்பி. தங்கணும்னா காப்ப அவுக்கணும். அவுத்தா வேண்டுதல் போச்சி."

நான் விளக்க ஆரம்பித்தேன். தாடையின் அமைப்பு, சீழ் பரவும் வழி, மூச்சுக்குழாய். சுற்றிலும் திருவிழா வேலையாக வந்தவர்கள் கூடிவிட்டார்கள். நான் பிளாஸ்டிக் பல் செட்டைப் பையிலிருந்து எடுத்து, திறந்து மூடிக் காட்டினேன். பந்தல் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் ஏணியிலிருந்தபடி, "மச்சான், டாக்டரு பல்லு செட்டு விக்க வந்திருக்காரு போல" என்றார். சிரித்தார்கள். மணியம் அண்ணன்கூடச் சிரிக்கப் பார்த்தார், வலித்தது.

எனக்கு மூச்சு தீர்ந்துபோனது. சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாததால்தான் முதன்முறையாக ஒரு கேள்வி கேட்டேன். ஞானம் வந்தது என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

"சாமி, இவரு குத்தமில்லாம ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

"இத வந்ததுமே கேட்டிருக்கலாமே?" என்றார் பூசாரி. "ரப்பர் காலத்துல இதே மாதிரி காப்புக் கட்டின ஒருத்தன பாம்பு கடிச்சிருச்சி. தூக்கிட்டுப் போகணும். அவன் தம்பிக்குக் காப்ப மாத்திக் கட்டினோம். காப்பு எல்லைய விட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான். ஆள் மாறலாம். ஆனா அவனும் சுத்தமா இருக்கணும்."

"மாடு தின்னது குத்தமில்லயா?" மணியம் அண்ணன் குழறியபடி கேட்டார்.

"தெரியாம தின்னது தின்னவன் மேல வராது. தெரிஞ்சி குடுத்தவன் மேலதான்."

மண்டபம் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. ஏணியில் இருந்தவரும் இறங்கி வந்து பார்த்தார். ஒரு வீர உணர்ச்சி எனக்குள் பொங்கியது.

"அப்ப எனக்கே மாத்திக் கட்டுங்க சாமி."

பூசாரி நிதானமாகக் கேட்டார். "மத்தியானம் என்ன சாப்ட்டீங்க?"

"நாசி கண்டார். சோறும் கறியும்."

"என்ன கறி?"

பாய் கடையில், பாயின் அன்பு அழைப்பில், இலவசமாகவே வைத்தது. பொய் சொல்ல இடம் அது இல்லை. "கோழி," என்றேன். "அப்புறம்… மீன் முட்டை."

இந்த முறை பூசாரியும் சிரித்துவிட்டார்.

"எனக்குக் கட்டுங்க சாமி." ஷாமினி முன்னால் வந்து கையை நீட்டினாள். "வீட்ல அடுப்பே ஒரு மண்டலமா சைவந்தான்."

மணியம் அண்ணன் அவள் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். "நீ எப்படி அவ்ளோ தூரம் நடப்ப? ஆத்துல இருந்து கோயிலு வரைக்கும், செருப்பில்லாம. அந்தக் கால வெச்சிக்கிட்டு."

"நடக்கணும்னுதானே வேண்டிக்கிட்ட? அப்ப நடந்து காட்டறேன். நீ எந்திரி."

பூசாரி காப்பை அவிழ்த்து அவள் கையில் கட்டினார். கட்டும்போது அவர் சொன்ன மந்திரம் எனக்குக் கேட்கவில்லை. நான் மணியம் அண்ணனின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் காரில், முன் இருக்கையில் நிமிர்ந்து உட்கார வைத்து ஓட்டினேன். வழியில் போனில் ஆஸ்பத்திரிக்குச் சொன்னேன். வாழ்க்கையிலேயே முதன்முறையாகச் சுருக்கமாகப் பேசினேன். இறங்கும்போது, "டாக்டர், நீங்க வாய மூடிக்கிட்டு நல்லாத்தான் ஓட்டறீங்க" என்றார் மணியம் அண்ணன்.

தொண்டையைக் காப்பாற்றினார்கள். தாடைக்கு அடியில் கீறிச் சீழை வடித்தார்கள். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்களையும் எடுத்தார்கள். மருந்து ரத்தக்குழாய் வழியாகப் போனது. அதில் மாடு உண்டா என்று மட்டும் நான் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன். சீழ் வடிவதற்காகக் கீறிய இடத்தில் ஒரு ரப்பர் பட்டையைச் செருகியிருந்தார்கள். மறுநாள் பார்க்கப் போனபோது அண்ணன் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கன்னத்துல வேலு போடலாம்னு போனேன். கழுத்துல ரப்பரப் போட்டுட்டாங்க. ரப்பர் தோட்டத்துல பொறந்தவன ரப்பரு விடாது போல."

திருவிழா நாளில் அவர் வார்டில்தான் இருந்தார். ஷாமினி அலகுக்குப் பதில் பால்குடம் எடுத்தாள். தெரிந்து கொடுத்தவனுக்குப் பூசாரி விதித்தது இது: ஒரு வாரம் சைவம், அன்று செருப்பில்லாமல் அவள் பின்னால் நடந்து, வழி நெடுக அவள் காலில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு கையில் வாளி, மறு கையில் மணியம் அண்ணன் பார்ப்பதற்காக வீடியோ போன். செம்பனைகளுக்கு நடுவே செம்மண் பாதை வெயிலில் கொதித்தது. பாதி வழியில் அவள் இடது கால் நடுங்கத் தொடங்கியது. நான் வாயைத் திறந்தேன், தசைச் சோர்வைப் பற்றி ஏதோ சொல்வதற்கு.

"டாக்டர், போன நேரா புடிங்க. அப்பா ரோட்டத்தான் பாக்கறாரு, என்னப் பாக்கல."

வாயை மூடிக்கொண்டு போனை நேராகப் பிடித்தேன். திரையில் அண்ணன் தெரிந்தார். கழுத்தில் ரப்பருடன் அழுதுகொண்டிருந்தார். ஷாமினி நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி நடந்தாள். கோயில் வாசலில் யாரோ அவளைத் தாங்க வந்தபோது தலையை அசைத்து மறுத்துவிட்டுத் தானே படியேறினாள். காலில் கொப்புளம் வந்தது எனக்குத்தான். அன்று மாலை அதற்கு அவளே மஞ்சள் அரைத்துப் பூசினாள். அதைப் பார்த்துச் சுற்றி நின்றவர்கள் என்ன பேசினார்கள் என்பதைக் கிளினிக் கோப்பில் எழுதக் கூடாது.

அடுத்த வருடம் காப்புக் கட்டுவதற்கு முன்பே கோயிலுக்குப் போனேன். பிளாஸ்டிக் பல் செட்டை வீட்டில் வைத்துவிட்டு, பிரஷும் பேஸ்ட்டும் மட்டும் எடுத்துப்போனேன். "முடி எது?" என்றார் பூசாரி. நைலான். "பேஸ்ட்டு?" விலங்கு எதுவும் சேராத வகையாகக் கேட்டு விசாரித்து வாங்கியிருந்தேன். மோந்து பார்த்தார். நாக்கில் வைத்துப் பார்த்தார். அம்மன் பாதத்தில் வைத்து எடுத்தார். இப்போது அந்தத் தோட்டத்தில் காப்புக் கட்டும் தட்டில் மஞ்சள் கயிற்றோடு ஆளுக்கொரு புது பிரஷும் இருக்கிறது. காலையில் ஒருமுறை, ராத்திரி படுக்கப் போகுமுன் ஒருமுறை. கோயில் பைப்படியில் நின்று மணியம் அண்ணன்தான் மேற்பார்வை. "முன்னால தேச்சது போதும், போட்டோவா எடுக்கப் போறான்? ஈறு ஓரம், உள்பக்கம்லா!" என்று கத்துவார். நான் விளக்கி விளக்கி அலுத்துப்போனதை அவர் ஒரே வரியில் கத்துகிறார்.

உங்களுக்கு நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மருந்து எழுதுவதற்கு முன், வாயைப் பார்த்த அதே கண்ணால் அவர் கையையும் ஒருமுறை பாருங்கள். கயிறு இருந்தால், அது எதற்கு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை காத்திருங்கள். கேப்சூலுக்குப் பதில் மாத்திரையும் தண்ணீர் மருந்தும் நம் அலமாரியிலேயே இருக்கின்றன. அன்றும் இருந்தன.

மணியம் அண்ணன் வார்டை விட்டு வந்த நாளில் நானும் போயிருந்தேன். கட்டணக் கவுண்டரில் ஷாமினிக்கு முன்னால் வெள்ளி நோட்டுகளை நீட்டி, நான் கட்டுகிறேன் என்றேன். "நீங்க குடுத்த வரைக்கும் போதும் டாக்டர்" என்று கையை ஒதுக்கிவிட்டு அவளே கட்டினாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் கேட்டார்.

"மொத்தம் எவ்ளோலா ஆச்சி?"

அவள் ரசீதைப் பார்க்காமலே சொன்னாள்.

"ரெண்டு பல்லு. இருபத்தோரு வெள்ளி."